என் வீட்டில் கல்யாணம் இல்லை

நாரின், சனிக்கிழமை.

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி எசென்குல் அவர்களுக்கு, சாதிர்பாய் நெஞ்சில் கைவைத்து எழுதுவது. தலாஸில் தங்கள் வீட்டு மனிதரும் குதிரைகளும் நலமா? நாங்கள் நலம் என்று எழுத ஆசைதான்.

தங்கள் மகனுக்கு நிச்சயித்த என் மகள் நுர்ஜாதாவை வேறு எவனுக்கும் நான் கட்டிக்கொடுக்கவில்லை. 'சனிக்கிழமை எங்கள் வீட்டுத் திருமணம், அழைப்பிதழைத் திறந்து பாருங்கள்' என்று தங்களுக்கு வந்ததை நான் அனுப்பவில்லை. என் செல்போனே அனுப்பியது. சந்தைத் தேநீர்க்கடையில் இலவச வைஃபை கிடைக்கிறதே என்று உட்கார்ந்திருந்தபோது, பழைய நண்பன் பேரில் எனக்கும் அதே அழைப்பு வந்தது. யார் வீட்டு விருந்தோ என்று திறந்தேன். ஒன்றும் இல்லை. சற்று நேரத்தில் யார் யாரோ கூப்பிட்டு வாழ்த்தத் தொடங்க, போன் ரிப்பேர் கடைப் பெண்ணிடம் ஓடினேன். "தாத்தா, இது அழைப்பிதழ் இல்ல, திருட்டு ஆப். கேட்டதுக்கெல்லாம் சரி சரின்னு அழுத்தியிருக்கீங்க. இப்ப உங்க பேர்ல எல்லாருக்கும் போய்க்கிட்டிருக்கு" என்றாள். "நிறுத்தும்மா!" என்றேன். "போனதை எப்படித் தாத்தா நிறுத்துறது?" என்று போனை வாங்கி அணைத்து வைத்துக்கொண்டாள். தாங்கள் கூப்பிட்டபோது நான் எடுக்காதது அதனால்தான்.

இன்று காலை வாசலில் ஒரே கூட்டம். ஒருவர் ஆட்டோடு, ஒருவர் கம்பளத்தோடு, என்னோடு பேச்சை விட்ட மைத்துனன் அக்கார்டியனோடு. "கல்யாணம் இல்லைங்க" என்று சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிவிட்டது. "அப்ப ஆட்டைத் திருப்பி ஓட்டிட்டுப் போகவா?" என்று கோபிக்கிறார்கள். என் மனைவி கலிபாவோ, "வந்தவங்களைப் பட்டினி போட்டா நான் தெருவுல தலைகாட்ட முடியுமா?" என்று கொப்பரையை அடுப்பில் ஏற்றிவிட்டாள். இதற்கு நடுவே தங்கள் மகன் திலெக் மலை தாண்டி வண்டி ஓட்டி வந்து, "எவன் அந்த மாப்பிள்ளை? வெளிய வரச் சொல்லுங்க!" என்று முற்றத்தில் நின்றார். நுர்ஜாதா மாவுக் கையோடு வந்தாள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம நம்பிட்டியா?"

"கூப்பிட்டேன், நீ எடுக்கலையே!"

"அப்பா அனுப்புனதுன்னு நானும் திறந்து தொலைச்சேன். என் போனும் அந்தக் கடையிலதான் கிடக்கு."

தங்கள் மகன் கத்தியை எடுத்து வெங்காயம் நறுக்க உட்கார்ந்தார். அவர் போனிலிருந்து யார் பேசினாலும், என் பேரைக் கேட்டதுமே தாங்கள் கோபத்தில் துண்டிக்கிறீர்கள். அதனால்தான் இந்தக் கடிதம், தலாஸ் போகும் டாக்சிக்காரர் கையில். களைத்துப்போனேன், சம்பந்தி. திருமணம் நாம் பேசியபடி இலையுதிர் காலத்தில்தான். கோபத்தை விடுங்கள், பதறிப் புறப்பட்டு வர வேண்டாம். தங்கள் மந்தை பெருகட்டும், அடுப்பு அணையாதிருக்கட்டும்.

இன்னமும் தங்கள் சம்பந்தி என்று நம்பும்,
சாதிர்பாய்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் முற்றத்தில் ஆரவாரம். விருந்தாளிகளில் ஒரு மௌலவியும் இருந்திருக்கிறார். "பிள்ளையும் இருக்கான், பொண்ணும் இருக்கா, ஆடும் வெந்தாச்சு. இன்னும் எதுக்குக் காத்திருக்கணும்?" என்றாராம். இருவரும் சரி என்றார்களாம். நிக்காஹ் முடிந்தது. என்னை யாரும் கேட்கவில்லை. உடனே புறப்பட்டு வாருங்கள். திட்டுவதானால் இங்கே வந்து திட்டுங்கள். விருந்தில் பெரிய சம்பந்திக்கு மரியாதையாகத் தரும் ஆட்டுத்தலையை எடுத்து வைத்திருக்கிறேன்.