மூன்று நூல் படித்த ஊர்

மாநிலத்தில் உள்ள நூலகங்கள் என்ன சேவை செய்கின்றன, அதற்கு எவ்வளவு செலவாகிறது, அதைச் செய்ய எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள அரசுக்கு ஒரு நாள் ஆசை வந்தது. அரசுக்கு ஆசை வந்தால் வாய்விட்டுக் கேட்காது. படிவம் அனுப்பும். எங்கள் ஊர் நூலகத்துக்கும் நாற்பத்தெட்டுப் பக்கத்தில் ஒன்று வந்து சேர்ந்தது.

எங்கள் நூலகத்தில் நூலகர் அம்மா ஒருவர், உதவியாளர் ஒருவர். நூலகர் அம்மா பொய் எழுதத் தெரியாதவர். இருபத்திரண்டு வருடம் அரசு வேலை பார்த்தும் அந்தக் குறை அவரை விட்டுப் போகவில்லை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, முதல் பக்கத்திலிருந்து ஒழுங்காக நிரப்ப ஆரம்பித்தார்.

செலவுப் பகுதியில், துடைப்பம் வாங்கியது நூல் பராமரிப்பா, தரைப் பராமரிப்பா என்று கேட்டிருந்தது. அலமாரியையும் அதே துடைப்பத்தால்தான் தட்டுகிறார்கள் என்பதால் பாதிப் பாதி என்று எழுதினார். பணியாளர் பகுதியில், உதவியாளர் நாளில் எத்தனை விழுக்காடு சேவை செய்கிறார், எத்தனை விழுக்காடு சேவைக்குத் தயார் நிலையில் இருக்கிறார் என்று கேட்டிருந்தது. நூலகர் அம்மா உதவியாளரையே கேட்டார்.

"நான் எப்பவும் தயாராத்தான் இருக்கேன் மேடம். சேவைதான் வரமாட்டேங்குது" என்றார் அவர்.

சேவை பத்து, தயார் நிலை தொண்ணூறு என்று எழுதினார்.

வாசகர் பகுதியில்தான் வினை இருந்தது. உறுப்பினர்கள் முந்நூற்று நாற்பது பேர். ஆண்டில் வெளியே போன நூல்கள் ஆயிரத்து இருபது. ஆளுக்கு மூன்று. அரசு வைத்திருந்த இலக்கும் ஆளுக்கு மூன்றுதான். இதுவரை எல்லாம் சுபம். அடுத்த வரி: 'ஒரே உறுப்பினர் எடுத்த அதிகபட்ச நூல்கள்'. நூலகர் அம்மா பேரேட்டைப் புரட்டிப் பார்த்து, 698 என்று எழுதினார்.

அந்த உறுப்பினர் லிஃப்ட் அக்கா.

ஐந்து மாடி அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் இயக்குகிறவர் அவர். காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை ஒரு முக்காலியில் உட்கார்ந்து ஏறுவார், இறங்குவார், படிப்பார். பூகோளம், பூச்சி மருந்து, சமையல், சட்டம், பேய்க்கதை, எதுவும் விலக்கில்லை. அவருக்கு ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு: பத்தி முடியாமல் கதவைத் திறக்கமாட்டார். மூன்றாம் மாடியில் இறங்க வேண்டிய பெரிய அதிகாரிகள்கூட, "அக்கா, இன்னும் எத்தனை வரி?" என்று பணிவாகக் கேட்டுக் காத்திருப்பார்கள். மீதி முந்நூற்று முப்பத்தொன்பது பேரில் பாதிப் பேர் நூலகத்துக்குள் நுழைந்தே பல காலம் ஆகிறது. நான் கடிகாரம் பழுது பார்க்கிறவன். பன்னிரண்டு வருடத்துக்கு முன் ஒரு மழைக்கு ஒதுங்கினேன். சும்மா நிற்கக்கூடாதே என்று உறுப்பினர் ஆனேன். மழை விட்டது, வந்துவிட்டேன்.

படிவம் தலைமை அலுவலகத்துக்குப் போய்ப் பத்தாம் நாள் திரும்பி வந்தது. கூடவே ஒரு கடிதம்.

'மேற்படி வரிக்கு இரண்டு கட்டங்கள் மட்டுமே ஒதுக்கப்பட்டுள்ளன. தங்கள் நூலகத்தின் வாசகர் ஒருவர் கட்டத்துக்குள் அடங்கவில்லை. உரிய நடவடிக்கை எடுத்து, அன்னாரை ஏழு தினங்களுக்குள் அடக்கி அனுப்புமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது.'

நூலகர் அம்மா கடிதத்தை எடுத்துக்கொண்டு நேரே லிஃப்டுக்குப் போனார். பத்தி முடியும்வரை காத்திருந்து விஷயத்தைச் சொன்னார்.

"அக்கா, நீங்க கட்டத்துல அடங்கலையாம்."

லிஃப்ட் அக்கா சுற்றுமுற்றும் பார்த்தார். "நாலடிக்கு நாலடி கட்டத்துலதானே நாள் முழுக்க அடங்கிக் கிடக்கேன். இதுக்கு மேல எப்படிம்மா அடங்குறது?"

இந்தப் பதிலைக் கோப்பில் வைக்க வழியில்லாததால், தலைமை அலுவலகத்திலிருந்து இணை இயக்குநரே புறப்பட்டு வந்தார். அன்றைக்கு நூலகச் சுவர்க்கடிகாரத்தைச் சரிசெய்ய நான் ஏணி மேல் இருந்தேன். அதனால் நடந்ததை எல்லாம் என் காதாலேயே கேட்டேன்.

"அந்த அம்மா எடுத்த புத்தகங்களைத் திருப்பிக் கொடுத்துட்டாங்களா?" என்றார் இணை இயக்குநர்.

"எல்லாம் கொடுத்துட்டாங்க சார்."

"அப்போ இப்ப அவங்ககிட்ட எதுவும் இல்லை."

"தலைக்குள்ள இருக்கும் சார்."

"தலைக்குப் படிவத்துல கட்டம் இல்லையேம்மா." அவர் பேனாவைத் திறந்தார். "ஒரு வீட்டுல நாலு பிள்ளைங்க. ஒரு பிள்ளை மட்டும் சட்டிச் சோறு முழுசையும் தின்னா அது நியாயமா?"

"மத்த மூணு பிள்ளைக்கும் பசிக்கலையே சார்."

"பசிக்குதா இல்லையான்னு நம்ம கேக்கலை. சோறு சமமாப் போச்சான்னுதான் கேக்குறோம். அந்த அம்மாவுக்கு மூணு வைங்க. மீதியை உறுப்பினர்களுக்குப் பிரிச்சு எழுதுங்க. மொத்தம் அதே ஆயிரத்து இருபது. ஒரு புத்தகம் கூடலை, ஒரு புத்தகம் குறையலை. இதுல பொய் எங்கே இருக்கு?"

நூலகர் அம்மா பொய்யைத் தேடிப் பார்த்தார். கூட்டிப் பார்த்தார், கழித்துப் பார்த்தார். கணக்குப்படி எங்கும் அகப்படவில்லை. "மனசு ஒப்பலை சார்" என்று மட்டும் சொன்னார்.

"படிவம் போகலைன்னா இந்த வருஷம் புதுப் புத்தகம் கிடையாது. அந்த அம்மா எதைப் படிப்பாங்க?"

அந்த ஒரு கேள்வியில் அவர் விழுந்துவிட்டார். மூன்று நாள் உட்கார்ந்து, அறுநூற்றுத் தொண்ணூற்றைந்து புத்தகங்களை ஊருக்குப் பங்கிட்டார். யாருக்கு எது என்று யோசிக்க நேரமில்லை. உறுப்பினர் வரிசைப்படி, விழுந்தது விழுந்தபடி பேரேட்டையே மாற்றி எழுதினார். கையெழுத்துப் போடும்போது மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டதாக உதவியாளர் பிறகு சொன்னார். அவர் தயார் நிலையில் பக்கத்திலேயே இருந்தாராம்.

இத்தோடு முடிந்திருக்கும். ஆனால் நிர்வாகம் வெளிப்படையாக இருக்க வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. அந்த விதிப்படி, யார் யார் என்னென்ன படித்தார்கள் என்ற பட்டியலை முப்பது நாள் அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும்.

முதலில் பார்த்தவர் முடிதிருத்துபவரின் மனைவி. அவர் கணவர் பெயருக்கு நேரே, 'பாம்புகளின் பழக்கவழக்கங்கள்', 'வீட்டிலேயே சோப்பு தயாரித்தல்', 'மனைவியிடம் பேசாமல் நிம்மதியாக வாழ்வது' என்று மூன்று இருந்தன.

"அதான் ரெண்டு மாசமா வாயே திறக்கலையா நீங்க?" கடை வாசலில் நின்று அவர் கேட்டது தெருக்கோடி வரை கேட்டது.

"எனக்குப் பல்வலிடி! நான் புத்தகமே தொடலை!"

"அரசாங்கம் எழுதி ஒட்டியிருக்கு. அரசாங்கத்துக்கு உங்க மேல என்ன விரோதமா?"

சவர நுரையோடு உட்கார்ந்திருந்தவர்கள் உட்பட எல்லோரும் பட்டியலைப் பார்க்க ஓடினார்கள். என் பெயருக்கு 'முயல் வளர்ப்பு', 'விண்வெளி ஓர் அறிமுகம்', 'மூட்டுவலி நீங்க' என்று இருந்தது. இதை மறுக்க வேண்டும் என்றுதான் நானும் போனேன். மறுப்புப் படிவத்தில் முதல் கேள்வி, 'இவற்றைத் தாங்கள் படிக்கவில்லை எனில், வேறு எவற்றைப் படித்தீர்கள்?'. ஊர் பார்க்க அதில் ஒன்றுமில்லை என்று எழுத யாருக்கு மனம் வரும்? படிவத்தைச் சத்தமில்லாமல் மடித்து வைத்துவிட்டேன். முந்நூற்று முப்பத்தொன்பது பேரும் அப்படியே மடித்து வைத்தார்கள்.

பிறகுதான் இதில் ஒரு சுகம் இருப்பது தெரிந்தது. கடைக்கு ஒருவர் வந்தார். கடிகாரம் எதுவும் கொண்டுவரவில்லை. "அண்ணே, எங்க வீட்டு முயல் ரெண்டு நாளா ஒண்ணும் திங்கலை. நீங்க படிச்சவராச்சே" என்றார்.

நான் கொஞ்ச நேரம் யோசிக்கிற மாதிரி இருந்தேன். "மனசு சரியிருக்காது. தனியா விடாதீங்க" என்றேன்.

முயல் பிழைத்துக்கொண்டது. அன்றிலிருந்து எனக்கு ஊரில் மதிப்பே வேறு. முடிதிருத்துபவரைப் பாம்பு பிடிக்கக் கூப்பிட்டார்கள். அவர் போனார். நல்லவேளை, பாம்பு அதற்குள் போய்விட்டிருந்தது. மாப்பிள்ளை பார்க்க வருகிறவர்கள், "பையன் மூணும் முடிச்சிட்டானா?" என்று கேட்டார்கள். கண் நன்றாகத் தெரிகிறவர்கள் மூக்குக்கண்ணாடி வாங்கினார்கள். கையில் புத்தகம் இல்லாமல், புத்தகம் வைக்கிற அளவில் பை மட்டும் மாட்டிக்கொண்டு மாலையில் உலாவுவது நாகரிகமாயிற்று. நானும் ஒன்று வாங்கினேன், பழுப்பு நிறத்தில். அதில் வெங்காயம் நன்றாகப் பிடிக்கிறது.

இதற்குள் தலைமை அலுவலகத்தில் பெரிய பரபரப்பு. மாநிலத்தில் எந்த ஊரிலும் ஏற்றத்தாழ்வு இருக்கிறது; இந்த ஒரு ஊரில் மட்டும் முந்நூற்று நாற்பது பேரும் மூன்று மூன்றாகப் படித்திருக்கிறார்கள். இந்த அதிசயத்தை ஆராய ஐந்து பேர் கொண்ட குழு வந்தது. குழுவுக்கு வழிகாட்டியாக வந்தவர் அதே இணை இயக்குநர். தானே எழுதச் சொன்ன எண்களைப் பார்த்து அவரும் உண்மையிலேயே வியந்துபோயிருந்தார்.

முடிதிருத்துபவரிடம் குழு கேட்டது: "பாம்பு நூலில் தாங்கள் அறிந்துகொண்டது என்ன?"

"நீளமா இருக்கும் சார்."

'சாரத்தை உள்வாங்கியுள்ளார்' என்று குறித்துக்கொண்டார்கள்.

லிஃப்ட் அக்காவிடம் போனபோது அவர் ஒரு பத்தியின் நடுவில் இருந்தார். குழு ஐந்து மாடிக்கும் இரண்டு முறை போய்வந்தது. 'ஒத்துழைப்பு போதாது' என்று குறித்துக்கொண்டார்கள்.

இரண்டு மாதம் கழித்து ஊர்க் கூட்டம். பந்தல், ஒலிபெருக்கி, நாற்காலிகள் எல்லாம் தடபுடல். இணை இயக்குநர் மைக்கைத் தட்டிவிட்டுப் பேசினார்.

"பெரியோர்களே! அரசின் இலக்கு ஆளுக்கு மூன்று. உங்கள் ஊர் அதை நூற்றுக்கு நூறு எட்டிவிட்டது. வேறு வார்த்தையில் சொன்னால், இந்த ஊர் படித்து முடித்துவிட்டது!"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. ஒவ்வொருவராக மேடைக்கு அழைத்து, 'வாசித்து முடித்தவர்' என்று தங்க எழுத்தில் அச்சடித்த சான்றிதழைச் சட்டம் போட்டுக் கொடுத்தார்கள். பிறகு அவர் தொண்டையைச் செருமினார்.

"வேலை முடிந்த இடத்தில் ஏணி எதற்கு? இந்த நூலகத்தை இன்றோடு நிறைவு செய்கிறோம். இந்தக் கட்டடத்தில் புள்ளிவிவர அலுவலகம் வரும். ஆட்சேபணை உள்ளவர்கள் எழுந்து நிற்கலாம்."

லிஃப்ட் அக்கா மட்டும் எழுந்தார். "எனக்கு இன்னும் படிக்க வேண்டியது நிறைய இருக்கு சார்."

இணை இயக்குநர் பட்டியலைப் பார்த்தார். "உங்களுக்கும் மூணு முடிஞ்சிருக்கேம்மா."

"மூணா? நான் அறுநூத்தித் தொண்ணூத்தெட்டு படிச்சேன்!" அவர் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "அந்தப் பாம்புப் புத்தகம் நான் படிச்சது. முயல் புத்தகம் நான் படிச்சது. நீங்க யாராவது ஒருத்தர் உண்மையைச் சொல்லுங்கப்பா."

என்னை நேராகப் பார்த்துத்தான் கேட்டார். நான் சான்றிதழின் கண்ணாடியில் படிந்த தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அதில் என் பெயர் அத்தனை அழகாக இருந்தது.

"அக்கா, அடுத்தவங்க படிச்சா பொறாமைப்படக் கூடாது" என்றார் முடிதிருத்துபவர். அவர் மனைவி ஆமோதித்தார். அவர்களுக்குள் பேச்சுவார்த்தை வந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது.

நூலகர் அம்மா எழுந்தார். "சார், அவங்க சொல்றதுதான் நிஜம். நான்தான் மாத்தி எழுதினேன்."

"பேரேட்டில் இருப்பது தங்கள் கையெழுத்துதானே?"

"ஆமா சார்."

"அதை நம்புவதா, தங்களை நம்புவதா?"

தீர்மானத்தை ஆதரிப்பவர்கள் கை தூக்கச் சொன்னார்கள். ஒரு கையில் சான்றிதழ் இருந்ததால் எல்லோரும் மறு கையைத் தூக்கினோம்.

நூலகர் அம்மாவுக்குப் பதவி உயர்வு கொடுத்துத் தலைமை அலுவலகத்துக்கு மாற்றினார்கள். உதவியாளரைப் புதிய அலுவலகத்துக்கே வைத்துக்கொண்டார்கள். அங்கேயும் தயார் நிலைக்கு ஆள் வேண்டியிருந்தது. ஊரை விட்டுப் போகிற அன்று நூலகர் அம்மா லிஃப்டுக்குப் போய், "என்னை மன்னிச்சிடுங்கக்கா" என்று சொல்லிவிட்டு ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்தாராம். பக்கத்து ஊர் நூலகத்துக்குப் போகிற பேருந்தின் எண்ணும் நேரமும் அதில் இருந்தன.

லிஃப்ட் அக்கா இப்போது வாரத்துக்கு மூன்று நாள் அந்தப் பேருந்தில் போகிறார். பக்கத்து ஊரில் நூற்றுத் தொண்ணூறு உறுப்பினர்கள். இலக்குக்குப் பக்கத்தில்கூட வராத நூலகம் அது. அவரைக் கண்டதும் அந்த ஊர் நூலகர் வாசலுக்கே ஓடிவந்து வரவேற்று, எத்தனை புத்தகம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளச் சொன்னாராம். போன வாரம் ஒரு கடிகாரத்தைச் சேர்ப்பிக்க நான் அங்கே போயிருந்தேன். தெருவில் எந்த வீட்டைப் பார்த்தாலும் சுத்தியல் சத்தம். சான்றிதழ் மாட்ட இப்போதே ஆணி அடித்துக்கொண்டிருக்கிறார்கள்.