இரணைமடுவில் படகுச் சோதனை

தபாற் கந்தோர்க்காரரிடம் இரவல் வாங்கிய நீளக் காற்சட்டை இடுப்பில் நிற்கவில்லை. அப்புத்துரை அதைச் சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டினார்.

“லைசன்ஸ் உங்களுக்கோ, களிசானுக்கோ?” என்றாள் மனைவி நேசமலர்.

“உமக்கு விளங்காது. சோதினை எடுக்கக் கொழும்பாலை ஆள் வருது.”

அப்புத்துரையின் மோட்டார் படகு, வெள்ளைக்கார என்ஜினியர் ஊருக்குப் போகும்போது அவருக்குக் கொடுத்துவிட்டுப் போனது. மழையில் பாதை உடைந்து கிடந்தது. திங்கட்கிழமை மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் இரணைமடுக் குளத்தைக் கடந்துதான் வரவேண்டும். சம்பந்தி வீரகத்தி ஒரே பிடியாய் நின்றார்.

“லைசன்ஸ் இல்லாதவன் ஓட்டினால் நாங்கள் ஏறமாட்டம்.”

எட்டு மணிக்குப் படகடியில் ஒருவர் நின்றார். களிசான், தொப்பி, கையில் கொப்பி. உத்தியோகத்தரிடம் பெயர் கேட்பது மரியாதையில்லை. அப்புத்துரை கும்பிட்டார். அவரும் கும்பிட்டார்.

“போவமோ, ஐயா?”

“நீங்கள் சொன்னால் சரி, ஐயா.”

நடுக்குளம்வரை ஒரு குறையும் இல்லை.

“எஞ்சின் நிண்டால் என்ன செய்யிறது?” என்றார் தொப்பிக்காரர்.

சோதனை தொடங்கிவிட்டது. அப்புத்துரை நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“இது நிக்காது, ஐயா.”

தொப்பிக்காரர் கொப்பியில் எழுதினார். எழுதி முடிக்கமுன் எஞ்சின் நின்றது.

அப்புத்துரை எஞ்சின் கயிற்றை இழுத்தார். கயிறு கையோடு வந்தது. இடுப்புச் சணலை அவிழ்த்து எஞ்சினில் சுற்றி இழுத்தார். சணல் அறுந்தது. களிசான் இறங்கியது. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு, துடுப்புக்கென்று படகின் அடிப்பலகை ஒன்றை மறு கையால் கிளப்பினார். பலகையோடு தண்ணீரும் வந்தது.

“இப்பிடித்தான் செய்யவேணுமோ?”

“ஓம், ஐயா. இதுதான் முறை.”

அதையும் எழுதினார்.

“தண்ணி வந்தால்?”

“இறைக்கவேணும்.”

தொப்பிக்காரர் உடனே தொப்பியைக் கழற்றி இறைக்கத் தொடங்கினார். அப்புத்துரை பதறிப்போனார்.

“ஐயோ, நீங்கள் இறைக்கிறதோ! விடுங்கோ, ஐயா!”

“பரவாயில்லை. பழகத்தானே வேணும்.”

கொழும்பில் இப்படியும் உத்தியோகத்தர் இருக்கிறாரே என்று அப்புத்துரையின் கண் கலங்கியது. திங்கட்கிழமை கல்யாணம் நடக்கும். லைசன்ஸ் கிடைத்த மாதிரித்தான்.

தண்ணீர் முழங்காலைத் தொட்டபோது, சாரத்தை மடித்துக் கட்டிய ஒருவர் தோணி வலித்துக்கொண்டு வந்து சேர்ந்தார்.

“தம்பி, தோணியை வடிவாய்ப் பிடியும். முதல் ஐயாவை ஏத்தும்!” என்றார் அப்புத்துரை.

“இல்லையில்லை, ஐயா முதல் ஏறட்டும்” என்றார் தொப்பிக்காரர்.

“அதெப்பிடி? நீங்கள் ஏறுங்கோ, ஐயா.”

“நீங்கள் இருக்க நான் ஏறுறதோ, ஐயா?”

தோணியில் வந்தவர் துடுப்பை மடியில் வைத்தார்.

“எட்டு மணி தொடக்கம் உங்கள் ரெண்டு பேரையும் சோதிக்கவெண்டு அணைக்கட்டிலை நிண்டனான். ஏறுங்கோ, ரெண்டு பேரும் பெயில்.”