தீப்பிடிக்காத வேட்டி

படித்ததைப் பிறருக்குச் செய்து காட்டாமல் இருக்க முடியாத வியாதி எனக்கு உண்டு. அது முற்றியிருந்த சமயத்தில் என் தலைதீபாவளி வந்தது.

யுத்த காலம். துணிக்கு ரேஷன். வாலிகண்டபுரத்தில் விவசாயம் பார்த்த என் மாமனார், கார்டுக்குக் கிடைத்த ஒரே வேட்டியைத் தான் உடுத்தாமல் எனக்கென்று வைத்திருந்தார். நானோ அரியலூரில் சயன்ஸ் வாத்தியார் (எங்கள் தெருவுக்கே முதல் பி.எஸ்ஸி.; நடையிலேயே தெரியும்). வெங்காரமும் போரிக் பவுடரும் கரைத்த தண்ணீரில் துணியை ஊறவைத்துக் காயவைத்தால் தீப்பிடிக்காது. பள்ளிக்கூடத்தில் ஒரு கந்தலை வைத்துப் பார்த்திருந்தேன். கருகியதே தவிர எரியவில்லை.

பண்டிகைக்கு முதல் நாள் மத்தியானம், என் மனைவி மீனாவிடம் அந்த வேட்டியை வாங்கிக் கொல்லையில் மருந்துத் தண்ணீரில் முக்கிக் கொடியில் போட்டேன்.

"என்னங்க இது, புது வேட்டியப் போயி?"

"நாளைக்குப் பாரு."

காரணத்தைச் சொல்லவில்லை. சொல்லிவிட்டால் அசத்துவது எப்படி?

காய்ந்த வேட்டி வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்ததை மாமியார் பார்த்திருக்கிறார். மாப்பிள்ளை எதையோ கொட்டிவிட்டார் பாவம் என்று நன்றாக அலசி, கெட்டியாகக் கஞ்சி போட்டு, மடித்து வைத்துவிட்டார். மாப்பிள்ளைக்கு எதிரே வந்து பேசும் வழக்கம் அவருக்கு இல்லை. கதவுக்குப் பின்னால் ஒரு வளையல் சத்தம். எனக்குத் தெரிந்த மாமியார் அவ்வளவுதான்.

மறுநாள் எண்ணெய் தேய்த்துக் குளித்து வேட்டியைக் கட்டினேன். மொரமொரவென்று இருந்தது. எல்லாம் வெங்காரத்தின் வேலை என்று பூரித்துப்போனேன். வாசலில் கம்பி மத்தாப்பைக் கொளுத்தி, "மாமா, இங்க பாருங்க. பத்தவே பத்தாது" என்று வேட்டி நுனியில் வைத்தேன்.

"மீனா, அவர நிறுத்தச் சொல்லுடி. அதுல வெறும் கஞ்சிதான் இருக்கு" என்றது கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

மீனா வந்து சொல்வதற்குள் தீ முழங்காலுக்கு வந்துவிட்டது. வேட்டியை உருவி எறிந்தேன். மாமனார் அதன்மேல் ஒரு குடம் தண்ணீரைக் கொட்டினார். தெருவே பார்க்க, பி.எஸ்ஸி. பட்டாபட்டி டிராயரோடு நின்றது.

மானம் போனதைவிட வேட்டி போனதுதான் என்னை அறுத்தது. இன்னொன்று வாங்கக் கடையில் துணி கிடையாது. மாமனார் திட்டவில்லை. பெட்டியிலிருந்த தன் நல்ல வேட்டியை எடுத்துக் கொடுத்தார். "கால்ல படலல்ல மாப்ள? அது போதுங்க" என்றார். எரிந்ததை அவர் வைத்துக்கொண்டார்.

கருகின பக்கத்தை மடிப்புக்குள் விட்டு அதைப் பல வருஷம் கட்டினார். விசேஷ வீடுகளில் யாராவது, "மாப்பிள்ளை என்னங்க படிச்சிருக்காரு?" என்று கேட்டால் வாயைத் திறக்க மாட்டார். மடிப்பைப் பிரித்துக் காட்டுவார். என் பேரப்பிள்ளைகள் இன்றும் துண்டைக் கட்டிக்கொண்டு அதை நடித்துக் காட்டுகிறார்கள். நானும் சிரிக்கிறேன். சிரித்து ஓய்ந்ததும், மாமா இல்லையே என்று இருக்கிறது.