எந்த நாடும் எடுக்காத வயசு

சபேட்டோ, பிஜி
12-8-1988

சிட்னியில் சௌக்கியமாக வீற்றிருக்கும் மாப்பிள்ளை ராஜேந்திராவுக்கும் தங்கை ப்ரேமிலாவுக்கும் வேலாயுதம் எழுதிக்கொண்டது. இங்கே மழை நலம், கரும்பு நலம், வீட்டுக்காரி ருக்மணியும் நலம். நான்தான் நலமில்லை.

போன வருஷம் பட்டாளம் ஆட்சியைப் பிடித்ததும் நீங்கள் போர்மேன் நாற்காலியை விட்டு விமானம் ஏறினீர்களே, அன்றிலிருந்து நமாகா பஸ் கராஜில் கிழவர்களும் பொடியன்களும்தான் பாக்கி. நாற்காலி எனக்குத்தான் என்று நம்பி கோயிலில் அர்ச்சனைகூடச் செய்தோம். முதலாளி அப்பல்சாமி என்ன செய்தார் தெரியுமா, இருபத்தாறு வயது கமலேஷை அதில் உட்காரவைத்து, சம்பளத்தையும் ஒன்றரை மடங்காக்கினார். நியாயம் கேட்கப் போனேன். "கூட்டித் தரலேன்னா ஆஸ்திரேலியாக்காரன் அவனக் கொத்திக்கிட்டுப் போயிருவான் அண்ணே. உங்களுக்கு ஐம்பத்தாறு. நீங்க எங்க போகப்போறீங்க?" என்றார். அதே பஸ், அதே கிரீஸ், அவனுக்கு ஒரு கூலி, எனக்கு ஒரு கூலி. வயிறு எரிந்தது மாப்பிள்ளை.

சரி, நானும் போகிறவனாகிவிட்டால் என்ன என்று யோசித்தேன். தலைக்குச் சாயம் அடித்தேன், லவுட்டோக்காவில் பெரிய பெட்டி வாங்கினேன், பாஸ்போர்ட் படம் எடுத்து, கராஜில் சட்டைப் பையிலிருந்து அடிக்கடி தவறி விழவைத்தேன். முதலாளி பதறிப்போய்ச் சம்பளத்தைக் கூட்டுவார் என்று பார்த்தால், மனுஷன் சந்தோஷமாக ஆட்டுக்கறி ஆக்கி, நங்கோனா வேர்ப்பொடி கரைத்து ஊற்றி, மாலை போட்டுப் பிரிவுபசாரமே நடத்திவிட்டார். கமலேஷ் அழுதான். நானும் அழுதேன், காரணம் வேறு. இப்போது இருந்த சம்பளமும் போச்சு. ரோட்டில் பார்க்கிறவனெல்லாம் "இன்னும் போகலியா?" என்கிறான். ருக்மணியோ, "பெட்டிக்குள்ள உக்காந்துக்குங்க, தபால்ல சேத்துடறேன்" என்கிறாள். எனக்கு வெட்கமாக இருக்கிறது மாப்பிள்ளை. எப்படியாவது ஸ்பான்சர் பண்ணிக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.

குழந்தைகளுக்கு என் ஆசீர்வாதம். மாரியம்மன் உங்களுக்கு அங்கேயும், எனக்கு விசா ஆபீசிலும் துணையிருக்கட்டும்.

இப்படிக்கு,
வேலாயுதம்

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் முதலாளி வீட்டுக்கே வந்துவிட்டார். அவர் குடும்பத்துக்குக் கனடா கிடைத்துவிட்டதாம். கமலேஷிடம் கராஜை விட்டால் அடுத்த மாசம் அவனும் பறந்துவிடுவானாம். "உங்கள எந்த நாடும் எடுக்காதுன்னு எனக்கு அன்னைக்கே தெரியும் அண்ணே. அதான் சாவிய உங்ககிட்ட குடுக்கறேன்" என்றார். மூக்குக்கு மேல் கோபம் வந்தது. சாவியை வாங்கிக்கொண்டேன். மேனேஜர் சம்பளம், கமலேஷைவிடக் கூட. ஆகவே ஸ்பான்சர் வேண்டாம். நாளைக்கு மெக்கானிக் வேலைக்கு ஆள் எடுக்கிறேன். ஐம்பது தாண்டியவர்களை மட்டும்தான் வரச்சொல்லியிருக்கிறேன். பாதிச் சம்பளத்துக்கே வருவார்கள், எங்கேயும் போகவும் மாட்டார்கள்.