மரியாதையாக நாறுதல்

தல்லாகுளம், மதுரை

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை சிவக்குமார் அவர்களுக்கு, மச்சான் சோணை எழுதுவது. இங்கே யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. திருப்பூரில் நீங்களும் தங்கச்சியும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் விஷயத்துக்கு வருகிறேன். போனில் சொன்னால் ஸ்பீக்கரில் போட்டுவிடுவீர்கள். தங்கச்சி சிரிப்பதைக் கேட்கிற நிலைமையில் நான் இல்லை.

நம்ம புள்ள ரோகிணி நர்ஸ் வேலைக்கு ஜெர்மனி போகவேண்டுமென்று காளவாசலில் ஜெர்மன் வகுப்புக்குப் போகிறாளல்லவா? வீட்டுக்கு வந்து சத்தம்போட்டுப் படிப்பாள். அதில் என் மண்டையில் ஏறியது ஒரே வினைச்சொல், ‘ஷ்டிங்கன்’. நாறுவது என்று அர்த்தம். எர் ஷ்டிங்க்ட் என்றால் அவன் நாறுகிறான். யார் மனதும் புண்படாமல் உண்மையைச் சொல்ல இப்படி ஒரு வசதியா என்று பூரித்துப்போனேன். சிம்மக்கல் பஸ்ஸில் கருவாட்டு மூட்டையோடு பக்கத்தில் உட்கார்ந்தவரைப் பார்த்து ‘எர் ஷ்டிங்க்ட்’ என்றேன். அவர் ஏதோ ஸ்டாப் பேரென்று நினைத்து, அது அப்பவே தாண்டிப்போச்சுண்ணே என்று வருத்தப்பட்டார். வீட்டில் ஊசிப்போன சாம்பாரை ஷ்டிங்க்ட் என்றேன். ஜெயக்கொடி தன் சமையலுக்குப் பாராட்டென்று எடுத்துக்கொண்டு இன்னும் ரெண்டு கரண்டி ஊற்றினாள். அதோடு நிறுத்தியிருக்க வேண்டும், மாப்ள.

நேற்று ஜெர்மனி ஆஸ்பத்திரிக்காரம்மா கம்ப்யூட்டரில் ரோகிணியை நேர்காணல் செய்தார். அன்றைக்குப் பார்த்து வாசலில் சாக்கடை அடைத்துப் பொங்கிவிட்டது. ஜன்னலைச் சாத்தியும் பிரயோஜனமில்லை. புள்ள பேச்சுக்கு நடுவில் கர்ச்சீப்பால் மூக்கைப் பொத்தினாள். தன்னைப் பார்த்துத்தான் பொத்துகிறாள் என்று அந்தம்மா நினைத்துவிட்டால் வேலை போச்சே என்று எனக்குப் பதைப்பு. உள்ளே வராதீங்கப்பா என்று அவள் சொல்லியிருந்ததை மறந்து, உள்ளே போய்க் கும்பிட்டேன். இங்கே நாறுகிறது என்பதற்கு ‘எஸ் ஷ்டிங்க்ட்’ என்றாலே போதுமாம். ஆனால் அம்புட்டுப் பெரிய அம்மாவிடம் மரியாதை இல்லாமல் பேசலாமா? அங்கே மரியாதைக்கு ‘ஸீ’ போடுவார்கள் என்று கேட்ட ஞாபகம். நம்மூரில் நாயை விரட்டுகிற சொல்தான். ஊருக்கு ஊர் வழக்கம் என்று நானும் ‘ஸீ ஷ்டிங்கன்’ என்று சொல்லி, சாக்கடை இருக்கும் திசையில் கையை நீட்டினேன். கம்ப்யூட்டரும் அந்தத் திசையில்தான் இருந்தது. அந்தம்மா முகம் அப்படியே நின்றுவிட்டது. என்னமோ சொன்னார், அணைந்துவிட்டார்.

ரோகிணி கம்ப்யூட்டரை மூடிவைத்தாள். பிறகு, “நீங்க நாறுறீங்கன்னு சொல்லிட்டீங்கப்பா. அதுவும் மரியாதையா” என்றாள். அதற்கப்புறம் என்னிடம் பேச்சில்லை. ஜெயக்கொடி என் தட்டில் சோற்றை வைக்கிறாள், முகத்தைப் பார்ப்பதில்லை. ராத்திரி பகல் படித்த புள்ள, மாப்ள. அவள் கனவை ஒரு வார்த்தையில் கெடுத்துவிட்டேன். நீங்கள் சொன்னால் கேட்பாள். ஞாயிற்றுக்கிழமை வந்து சமாதானம் செய்யவும். இனி என் வாயிலிருந்து ஜெர்மன் வராது, இது சத்தியம். பிள்ளைகள் நல்லாப் படித்து நீண்ட ஆயுசோடு இருக்கட்டும். தங்கச்சிக்கு என் அன்பு.

இப்படிக்கு,
சோணை

பின்குறிப்பு: கவரை ஒட்டும்போது தகவல் வந்தது. ரோகிணி தேர்வாகிவிட்டாள். நேற்று அவர்கள் ஆஸ்பத்திரியைச் சுற்றி வயலெல்லாம் உரத்துக்கு மாட்டுச்சாணி அடித்திருந்தார்களாம்; அந்த நாற்றம் மதுரை வரைக்குமா வருகிறது என்று அந்தம்மா மன்னிப்புக் கேட்டு எழுதியிருக்கிறார். ஆகவே நீங்கள் வரவேண்டாம். அடுத்து விசாவுக்கு ஒரு நேர்காணல் இருக்கிறது. நானும் ரெண்டு வார்த்தை சேர்த்துப் படித்துக்கொண்டு துணைக்குப் போகலாம் என்றிருந்தேன். அன்றைக்கு என்னைத் திருப்பூரில் உங்கள் வீட்டில் வைத்துப் பூட்டிக்கொள்ள முடியுமா என்று ரோகிணி கேட்கச் சொல்கிறாள்.