கூரைக்கு மட்டும் உத்தரவாதம்

சுழிப்பாடி என்றொரு நாடு இருந்தது. அங்கே மூன்று ஆண்டுக்கு ஒருமுறை குடிமக்கள் கை உயர்த்தி மன்னரைத் தேர்ந்தெடுப்பார்கள். இந்த முறை தேர்வான மன்னர், பதவியேற்ற அன்றே வீட்டுக்கொரு பொறிவண்டி கொடுத்தார். மாடு வேண்டாம், குதிரை வேண்டாம், தானே ஓடும். மூன்று ஆண்டுக்குள் எது பழுதானாலும் அரண்மனைப் பட்டறையே சரிசெய்து தரும் என்று உத்தரவாதமும் உண்டு.

மருத்துவச்சி பூமயிலுக்கு அந்த வண்டி கடவுள் கொடுத்த மாதிரி. பதினோரு ஊர்களில் பிள்ளைப்பேறு பார்ப்பவள் அவள். வண்டி வருவதற்கு முந்தைய மழைக்காலத்தில், ஆற்றைச் சுற்றி நடந்து போய்ச் சேர்வதற்குள் ஒரு தாய் கண்மூடியிருந்தாள். அந்த முகத்தைப் பூமயில் மறக்கவில்லை. அதனால் பெற்ற பிள்ளையைவிட வண்டியைப் பத்திரமாக வைத்திருந்தாள்.

மூன்றாம் ஆண்டு முடிய நான்கு மாதம் இருக்கையில், அச்சு முனக ஆரம்பித்தது. பட்டறைக்கு ஓட்டிப் போனாள். பட்டறைத் தலைவர் திருமேனிநாதர் வண்டியைப் பார்க்காமல் அவளையே பார்த்தார்.

"உத்தரவாதம் இன்னும் நாலு மாசம் இருக்குதுங்களே ஐயா."

"இருக்கிறது. ஆகவே அவசரமில்லை. முடியும் தறுவாயில் வாருங்கள்."

அடுத்த வாரம் முரசு அறைந்தார்கள். உத்தரவாதத்தை நீட்டிக்க விரும்புவோர், கெடு முடியும் முன்பே நீட்டிப்புப் பத்திரத்தில் கைநாட்டு வைக்க வேண்டும். வைக்காதவர்களுக்கு எஞ்சியிருக்கும் மாதங்களும் ரத்து. நாளையை நம்பாதவனுக்கு இன்று எதற்கு என்று அமைச்சரவை கேட்டிருந்தது.

பூமயில் கைநாட்டு வைக்கவில்லை. இருக்கிற உத்தரவாதத்திலேயே ஒன்றும் நடக்கவில்லை, இதில் நீட்டிப்பு வேறா என்று தோன்றியது. பக்கத்துத் தெருக் கொல்லர் காத்தமுத்துவிடம் போனாள். அவர் குனிந்து பார்த்தார்.

"ஒண்ணும் பெரிசா இல்ல தாயி. அச்சுல ஒரு இரும்புக்கட்டு போட்டா ஓடும். நாளைக்குக் காலையில கொண்டா."

காலையில் உலைக்கூடத்தின் கதவில் அரக்கு முத்திரை இருந்தது. அரசு வண்டியைப் பட்டறைக்கு வெளியே எவரும் பழுதுபார்க்கக் கூடாது என்று புதுச் சட்டம். காத்தமுத்து பழுதுபார்க்கவில்லைதான், ஆனால் உற்றுப் பார்த்திருக்கிறார்.

பத்து நாள் கழித்துக் கல்லுமேட்டிலிருந்து ஆள் வந்தது. தலைச்சன் பிரசவம், கால் முன்னால் தெரிகிறது. பாதி வழியில் அச்சு முறிந்து வண்டி குப்புறச் சாய்ந்தது. பூமயில் பையை எடுத்துக்கொண்டு ஓடினாள். முள் குத்தியது தெரியவில்லை. போய்ச் சேர்ந்தபோது தாய்க்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. பிள்ளையைத் திருப்பி எடுத்தாள். இரண்டு உயிரும் தப்பியது அவளுக்கே நம்பமுடியாததாக இருந்தது. அடுத்த முறை தப்பாது என்பது மட்டும் நன்றாகத் தெரிந்தது.

மறுநாள் நேராகப் பட்டறைக்குப் போய், பதினேழு ஏட்டுப் பத்திரத்தின் அடியில் பெருவிரலை அழுத்தினாள்.

"இப்பவாவது அச்ச மாத்திக் குடுங்க ஐயா."

திருமேனிநாதர் ஏடுகளைப் புரட்டினார். "அச்சு சுழலும் உறுப்பு. நீட்டிப்பு சுழலாத உறுப்புகளுக்கு மட்டுமே."

"சுழலாத உறுப்புன்னா எது?"

"கூரை."

"அப்ப நான் எதைத்தான் நீட்டிச்சேன்?"

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு கடைசி ஏட்டைப் பயபக்தியோடு வாசித்தார். "இதன்கீழ்க் கைநாட்டிட்ட குடிமகன் அல்லது குடிமகள், மேற்படி உத்தரவாதத்தை வழங்கிய மாமன்னரின் ஆட்சியை, மறு அறிவிப்பு வரும்வரை மனமுவந்து நீட்டிக்கிறார். ஆகவே கை உயர்த்தும் நாள் தேவைப்படாது."

"இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே."

"முன்னாடி சொன்னால் யார் அம்மா கைநாட்டு வைப்பார்கள்?" என்றார் அவர், உண்மையான வியப்போடு.

அவள் அழவில்லை, ஏசவும் இல்லை. கல்லுமேட்டுக்காரர்கள் நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு, முறிந்த வண்டியை இழுத்துவந்து அரண்மனைத் தலைவாசலில் நிறுத்தினாள். கைப்பையை மட்டும் எடுத்துக்கொண்டு, அடுத்த பிரசவத்துக்கு விடிந்ததும் புறப்பட்டு நடந்தாள்.

மறுநாள் அந்த வண்டிக்குப் பக்கத்தில், அதே பத்திரத்தில் கைநாட்டு வைத்து ஏமாந்த இன்னொருவரின் பழுதான வண்டி நின்றது. வாரக்கடைசியில் வாசலும் வீதியும் தெரியாத அளவுக்கு வண்டிகள். ஒன்றுகூட நகரக் கூடியதாக இல்லை. காவலர்கள் அவற்றைத் தள்ளப் பார்த்தார்கள்; அரசு வண்டியைப் பட்டறை ஆட்கள் தவிர வேறெவரும் தொடவே கூடாது என்று அதற்குள் கடுமையாக்கப்பட்டிருந்த சட்டம் தடுத்தது. பட்டறை இருந்ததோ அரண்மனைக்குள்; அதன் ஆட்கள் அடைபட்ட வாசலுக்கு உட்பக்கம் மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஒன்பதாம் நாள், குடிமக்கள் பேரன்பின் மிகுதியால் தங்கள் வண்டிகளை மன்னருக்கே காணிக்கையாக்கிவிட்டார்கள் என்று அரண்மனை அறிவித்தது. முரசும் முழங்கியது. கதவைத் திறக்க முடியாததால் அறிவிப்பை உள்ளேயே வாசித்தார்கள். உள்ளே இருந்தவர்கள் நெடுநேரம் கைதட்டினார்கள்.