மாமாவின் திரையில் நிறம் போனது

உங்கள் வீட்டுச் சமையலறை, சிஞ்சு, தைவான்
வியாழன் காலை

மதிப்புக்குரிய யென்-ட்சிங் மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கை ஷூ-சென்னைக் கட்டிக்கொள்ளக் காத்திருக்கும் போ-ஹான் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். டோக்கியோவில் தாங்களும் நலமாயிருப்பீர்கள். நான் மட்டும் நலமில்லை.

நீங்கள் எழுதி என் தலையில் கட்டிவிட்டுப் போன பங்கு விலை புரோகிராமில், எழுத்துக்கு நிறம் போடலாமா வேண்டாமா என்று ஒவ்வொரு மூலையும் தன் இஷ்டத்துக்கு முடிவு செய்துகொண்டிருந்தது. ஓரிடம் கேட்காமலே பூசும், இன்னோரிடம் கெஞ்சினாலும் பூசாது, கோப்பில் சேமித்தால் விலைக்கு முன்னால் [31m என்று குப்பை வந்து விழும். சகிக்காமல், முடிவெடுக்கும் வேலையை ஒரே இடத்துக்குக் கொண்டுவந்தேன். கேட்டால் நிறம், கேட்காவிட்டால், எதிரே இருப்பது மனிதர் பார்க்கும் திரையா, அதாவது டெர்மினல்தானா, என்று பார்த்துவிட்டு நிறம். நம்மூர் வழக்கப்படி, கணினி முரண்டு பிடிக்காமலிருக்க அதன்மேல் வைக்கும் பச்சைத் தின்பண்டப் பாக்கெட்டைக்கூடப் புதிதாக மாற்றினேன். நீங்களும் பார்த்து "பிரமாதம்" என்றீர்கள், மறக்க வேண்டாம்.

ஆனா உங்க அப்பா, அதான் என் வருங்கால மாமா, முன்னறையில பாக்குற திரையில உங்க புரோகிராம் நேரா ஓடலையே மச்சான்! நிமிஷத்துக்கொரு தரம் அதை ஓட்ட நடுவுல இன்னொரு புரோகிராமை உட்கார வெச்சது யாரு? அது நடுவுல நிக்கவும், எதிரே டெர்மினல் இல்லைன்னு உங்க புரோகிராம் நிறத்தை நிறுத்திடுச்சு. மாமாவோ கண்ணாடி போட மாட்டார், எண்ணைப் படிக்க மாட்டார். சிவப்புன்னா ஏறுது, பச்சைன்னா இறங்குது, வெள்ளைன்னா அசையலை, அவ்வளவுதான் அவருக்கு. பச்சை தெரிஞ்சா கல்யாணப் பேச்சையே எடுக்க விட மாட்டார். திங்கள்லேர்ந்து எல்லாமே வெள்ளை. "சந்தையே தூங்குது, நானும் தூங்குறேன்"னு மத்தியானம் குறட்டை விடுறார். நேத்து சாப்பிடும்போது தானா சொன்னார்: "ஞாயித்துக்கிழமை நிச்சயம் வெச்சுக்கலாம். சொந்தக்காரங்களுக்குக் குடுக்குற நிச்சயப் பிஸ்கட் பெட்டிக்கு ஆர்டர் குடுத்துடு மாப்ளே." ஷூ-சென் சந்தோஷத்துல அழுதுட்டா. எனக்குத்தான் உண்மை தெரியும். வாரம் பூரா சந்தை சரியுது மச்சான், அவர் ஒண்ணையும் விக்கலை. சொன்னா கல்யாணம் போச்சு, சொல்லாட்டி அவர் சேமிப்பு போச்சு.

பயத்தில், நிறத்தைத் திருப்பிக் கொண்டுவரும் திருத்தத்தைக் காலையில் உங்களுக்கு அனுப்பிவிட்டேன். நீங்கள் ஒப்புதல் தந்த நொடியே அது திரைக்கு வந்துவிடும். கையெடுத்துக் கும்பிடுகிறேன், ஞாயிறு முடியும்வரை அதற்கு ஒப்புதல் தராதீர்கள்.

அக்காவுக்கு என் வணக்கம், குழந்தைக்கு முத்தம்.

தங்கள் ஆசியை நம்பியிருக்கும்,
போ-ஹான்

பி.கு.: மேலே எழுதியதை மறந்துவிடுங்கள். எதையும் மாதக்கணக்கில் கிடப்பில் போடும் நீங்கள் இன்றைக்கென்று உடனே ஒப்புதல் தந்துவிட்டீர்கள். முன்னறைத் திரை முழுக்கப் பச்சை. "இதுல கை வெச்சது யாருடா?"ன்னு மாமா கத்துறார். உங்க பேரைச் சொல்லிட்டேன் மச்சான். மாப்ளையை மாத்திடலாம், நீங்க அவர் பெத்த பிள்ளை, உங்களை மாத்த முடியாது.